ஜெசிந்தாவின் கூண்டுக்கு ஒரு ரப்பர் மேட்

விழுப்புரத்தில் சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்து லோடு அடிக்கிற அலெக்ஸ், அந்தக் கோடையில் வண்டியின் பாடிமேல் தூக்கி வைக்கிற மாதிரி ஒரு கூண்டு செய்தான். இரும்புச் சட்டம், பிளைவுட் சுவர், இரண்டு பக்கமும் ஜன்னல், உள்ளே இருவர் படுக்கிற கட்டில், ஸ்டவ் வைக்க ஒரு பலகை. பார்த்தவர்கள் டிபன் கடை போடப்போகிறான் என்று நினைத்தார்கள். அவனும் மறுக்கவில்லை. பெண்டாட்டியோடு ஊர் சுற்றப்போகிறேன் என்றால் சிரிப்பார்கள்.

அவன் பெண்டாட்டி ஜெசிந்தா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். போனவள் இன்னும் ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை. அங்கே அவளுக்குக் கொடுத்த அறை வாஷிங் மெஷினை ஒட்டியிருந்தது. ஜன்னல் கிடையாது. மெஷின் ஓடும்போதெல்லாம் தரையோடு சேர்ந்து கட்டிலும் நடுங்கும். ஒருநாள் போனில் சொன்னாள்: "நான் வந்தா, யாரும் கூப்புடாத எடமா பாத்துப் பாத்துத் தூங்கணுங்க. ஜன்னல் இருக்கணும். ஆடக் கூடாது."

பேச்சுவாக்கில் சொன்னதுதான். அலெக்ஸின் மனதில் அது முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. கிறிஸ்துமஸுக்கு லீவு தருவதாக அந்த வீட்டில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஓய்ந்த நேரத்திலெல்லாம் வெல்டிங் பட்டறையிலேயே கிடந்தான்.

பட்டறைக்காரர் திருமுருகன் கூண்டை வண்டியில் ஏற்றி, நாலு மூலையிலும் செயின் போட்டுக் கட்டிக் கொடுத்தார். ஓட்டிப் பார்த்தால் இரும்போடு இரும்பு உரசிக் காது கிழிந்தது. பிரேக் பிடித்ததும் கூண்டு முன்னால் வழுக்கி வந்தது.

"அடியில எதுனா போடு அலெக்சு. இப்டியே ஓட்னீன்னா முதுவுல வந்து இடிக்கும்" என்றார் திருமுருகன்.

அலெக்ஸ் முதலில் ஸ்பாஞ்ச் மேட் வாங்கிக் கூண்டுக்கு அடியில் விரித்தான். மெத்தென்று இருந்தால் அவளுக்கு உடம்பு அலுங்காது என்று எண்ணம். வெள்ளிக்கிழமை பிற்பகல் ஜெசிந்தாவுக்கு ஓய்வு. போனில் அவளைக் கூப்பிட்டு, அந்தப் போனைக் கூண்டுக்குள் கட்டில்மேல் வைத்துவிட்டு விக்கிரவாண்டி டோல்கேட் வரை ஓட்டினான். ஓரமாக நிறுத்திப் பின்னால் ஏறி, போனை எடுத்தான்.

"எப்டி இருந்துது ஜெசி?"

"யாரோ கதவத் தட்டிக்கினே இருக்குற மாதிரி இருந்துதுங்க."

இறங்கிப் பார்த்தான். கூண்டின் பாரத்தில் ஸ்பாஞ்ச் ஒரு பக்கம் அப்பளமாக நசுங்கியிருந்தது. அது அமுங்க அமுங்கச் செயின் தளர்ந்து, கூண்டு தலையாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மெத்தென்று இருந்ததுதான் வினை.

கெட்டியாக வேண்டும், வழுக்கக் கூடாது. அப்படி ஒன்று மாட்டுக் கொட்டகையில் போடுகிற ரப்பர் மேட்தான் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை திண்டிவனம் போனான். அங்கே மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்த அருணா கேட்டாள்: "எத்தினி மாடுண்ணா?"

"மாட்டுக்கு இல்லமா. எங்க வூட்டம்மாவுக்கு."

அருணா நிமிர்ந்து பார்த்தாள். அவன் கூச்சத்தோடு விஷயத்தைச் சொன்னான். கேட்டவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் இரண்டு மேட்டை இழுத்து வந்து போட்டாள். ஒன்று இரண்டு பக்கமும் வழவழப்பு. இன்னொன்று மேலே சொரசொரப்பு, அடியில் குமிழ் குமிழாக.

வீடியோவில் ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினான். "திருப்பிக் காட்டுங்க" என்றாள். திருப்பினான். "மழ பேஞ்சா தண்ணி அடியில பூந்துடும். அது வெளிய போவ வழி வேணும்ல? இல்லன்னா பாடி துரு புடிச்சிடும். குமிழு வச்சதே எடுங்க."

"கல்லாட்டம் இருக்கும்கா. மிதிச்சாலும் அமுங்காது" என்றாள் அருணா.

"அமுங்க வாணாம்மா. அசையாம நின்னா போதும். ஏங்க, வாசன எப்டி இருக்குது?"

மோந்து பார்த்தான். "புதுச் செருப்பு மாதிரி."

"நல்லா வெயில்ல காய வைங்க. ஓரம் மடங்காம, சக்கரத்துக்கு மேல பொடச்சிருக்குற எடத்துக்குத் தக்கன வெட்டச் சொல்லுங்க."

அவள் சொல்லச் சொல்ல அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. இரண்டு பேரும் ஒன்றாகக் கடைத்தெருவுக்கு வந்து, வீட்டுக்கு ஒரு சாமான் பார்த்து வாங்குகிற மாதிரியே இருந்தது. இன்னும் இரண்டு மேட்டை எடுத்துப்போட்டுக் காட்டச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் அருணா வெட்டுவதற்குக் கத்தியை எடுத்துவிட்டாள்.

பட்டறைக்கு வந்து, மேட்டைப் போட்டு, கூண்டை ஏற்றிச் செயினை முறுக்கி ஓட்டினான். பிரேக் அடித்தான். பள்ளத்தில் இறக்கினான். கூண்டு பாடியோடு ஒட்டிப் பிறந்தது போல வந்தது. சாலையோரம் நிறுத்தி அவளைக் கூப்பிட்டான். "கூண்டு மூச்சே வுடல ஜெசி."

"ஒண்ணு சொல்லணுங்க" என்றாள். "மேடம் முழுவாம இருக்காங்க. கொழந்த பொறந்து கொஞ்சம் பெருசாவுற வரிக்கும் அனுப்ப மாட்டாங்களாம். கிறிஸ்மசுக்கு வர முடியாது."

"எப்ப சொன்னாங்க?"

"போன வாரமே."

"அப்ப கடையில மேட்டு பாக்கும்போதே ஒனக்குத் தெரியுமா?"

"நீங்க திருப்பித் திருப்பிக் காட்டிக்கினு இருந்தீங்க. எனக்கும் ஆசையா இருந்துது. கெடுக்க மனசு வரல."

ஒரு கரும்பு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்து போக, அவன் வண்டியின் கண்ணாடியை ஏற்றிவிட்டான். பிறகு, "சாப்ட்டியா?" என்றான்.

பிழைப்பு நிற்காதே. கூண்டை இறக்கிப் பட்டறை ஓரமாக வைத்துவிட்டு, மேட்டின்மேல் உர மூட்டையும் கல்யாண நாற்காலியும் ஏற்றினான். லோடு இறக்கியதும் மேட்டைக் கூட்டித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவான். உரம் சிந்திய கறை படிந்துவிடக் கூடாது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை லோடு எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. கூண்டைத் திரும்ப ஏற்றினான். மண்டகப்பட்டு பக்கம் ஏரிக்கரையில் வேப்பமர நிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, வீடியோவில் ஜெசிந்தாவைக் கூப்பிட்டான். ஜன்னலைத் திறந்து, தலையணைமேல் போனைச் சாய்த்து வைத்தான்.

"தண்ணி தெரியுதா?"

"தெரியுது. கொக்கு நிக்குது. அப்டியே வுடுங்க, கொஞ்ச நேரம் பாத்துக்கினு இருக்கேன்."

கீழே இறங்கிக் கை கால் கழுவிவிட்டு வந்து பார்த்தான். போன் திரையில் அவள் ஒருக்களித்துக் கண்மூடியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கல்யாணமான புதிதிலும் இப்படித்தான் தூங்குவாள்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா வண்டியை வியப்பாகப் பார்த்தாள். "உள்ள யாருப்பா?"

"எங்க வூட்டம்மா. தூங்குது" என்றான் அலெக்ஸ், மெதுவாக.

அந்த அம்மாவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆடுகளை மறுகரைப் பக்கம் திருப்பினாள். அவன் கூண்டின் வாசலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டான். போனை அணைக்கவில்லை.