தலைகீழ்

பதினொன்றே கால், ராகு காலம் முடிய இன்னும் முக்கால் மணி, அதுவரை மாமா வண்டியை நிறுத்த மாட்டார், குடிகாடு தாண்டும்போதே சொல்லிப் பார்த்தாயிற்று, ஓரமா ஒரு நிமிஷம் மாமா என்று கலைமணி சொன்னதற்கு ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார், "பத்தரைக்கு முன்னாடி கெளம்புனதே இதுக்குத்தான். நடுவுல நிறுத்தி எடுத்தா ராகு காலத்துல கெளம்புன கணக்காயிடும். அடக்கிக்குங்க மாப்ள, சிதம்பரம் வந்துடும்." அடக்குவதற்கு இது அதுவா... டேஷ்போர்டுக்கு அடியில் அவன் இடது கை, கைக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. பைக் விழுந்தால் என்ஜினையும் பெட்ரோல் பம்பையும் நிறுத்துகிற பெட்டி. மாமாவின் பழைய ஃபியட்டில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு பைக்கின் இன்ஜெக்டர், பைக்கின் பம்ப், பைக்கின் மூளை என்று பொருத்தியபோது இது வேண்டாம் என்றுதான் நண்பர்கள் சொன்னார்கள், அவன் கேட்கவில்லை, கார் கவிழ்ந்தால் பெட்ரோல் நிற்க வேண்டாமா, ஒன்பது மாதக்காரி ஏறப்போகிற வண்டி. வளைகாப்புக்குள் முடிக்கிற அவசரத்தில் திருகு போடவில்லை, டேப் வைத்து ஒட்டினான். வெயிலில் பசை இளகிவிட்டது. பெட்டி பாதி பெயர்ந்து சாய்ந்திருந்ததைப் பார்த்ததும் கையை விட்டு நிமிர்த்திப் பிடித்தான், பிடித்தபடியே இருக்கிறான்.

பெட்டி சாய்ந்தால் கார் தன்னை விழுந்த பைக் என்று நினைத்துக்கொள்ளும், ஓடுகிற ஓட்டத்தில் என்ஜின் நிற்கும், பின்னால் ஒட்டிக்கொண்டே வருகிற டேங்கர் லாரி, கண்ணாடி முழுக்க அதன் முகம்... சொல்லிவிடலாமா. சொன்னால் மாமா பதறிப் பிரேக்கில் கால் வைப்பார், டேங்கர் வைக்குமா? பின்சீட்டில் மனைவி இளமதியின் வளையல்கள் ஒவ்வொரு குலுக்கலுக்கும் சிணுங்கின, இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி, எல்லாம் கண்ணாடி. "உங்கம்மாவயும் இதே சீட்டுலதான் கூட்டியாந்தேன்" என்றார் மாமா மகளிடம். "இப்ப பாரு, பைக் சாமான்ல காரு ஓடுது. நாளைக்கு மாப்ள முன்சக்கரத்தத் தூக்கி ஓட்டுவாரு." அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான், மணிக்கட்டு நேராக இருக்கிறதா, நேர் என்பது எது, சாலைக்கு நேரா, தோளுக்கு நேரா... புதுச்சத்திரத்தில் விரல்கள் மரத்தன. பரங்கிப்பேட்டை பிரிவில் கை அவனுடையதாகவே இல்லை.

வெள்ளாற்றுப் பாலம். ஒதுங்க இடமில்லை, இருபுறமும் கைப்பிடிச் சுவர், கீழே மணல், கொஞ்சம் நீர். பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் தட்தட்டென்று ஏறி இறங்கியது, கைக்குள் என்ன நடக்கிறது, தெரியவில்லை, குனிந்து பார்த்தான். மணிக்கட்டு துவண்டு புரண்டிருந்தது. உள்ளங்கையில் பெட்டி தலைகீழாகக் கிடந்தது. எப்போதிருந்து? என்ஜின் விக்கக்கூட இல்லை, சீராக ஓடிக்கொண்டிருந்தது, இவ்வளவு சீராக அது ஓடியதே இல்லை... அப்படியென்றால் பெட்டி வேலையே செய்யவில்லை, அவன் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒன்றுதான். அப்படியென்றால் கவிழ்ந்தாலும் நிற்காது, நான்கு சக்கரமும் வானத்தைப் பார்த்துக் கிடந்தாலும் பம்ப் பெட்ரோலை அனுப்பிக்கொண்டே... டேங்கர் ஹாரன் அடித்தது. வளையல்கள் அவன் காதருகே வந்தன.

"என்னாங்க, அப்பலேர்ந்து கைய உள்ள வுட்டு என்னாத்தப் புடிச்சிக்கிட்டு இருக்கீங்க?"