கதவில் தெரிந்த ஜன்னல்

புதுக் கார் வாங்கியவர்களை அவர்கள் வீட்டு வாசலிலேயே வைத்துப் படம் எடுப்பது அவள் தொழில். அதில் அவளுக்குச் சில கண்டிப்புகள் உண்டு. முன் சக்கரத்தை லேசாக ஒடித்து, அதன் முகம் கேமராவைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். சொந்தக்காரர் வண்டிமேல் சாயக் கூடாது, கையை மட்டும் வைக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், பார்வை லென்ஸை விட்டு நகரக் கூடாது. கண் அலைந்தால் வண்டியைத் திருடிக்கொண்டு வந்தவர் மாதிரி ஆகிவிடும் என்பாள்.

அந்தக் கருநீலக் காரின் சொந்தக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும். தெருவின் எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி அவள் கேமராவோடு நின்றாள். பின்னால் மாடி ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"பொண்ணு பாருடான்னா காரப் பாத்துட்டு வந்து நிக்கிறான். ஜோடிப் பொருத்தம் எப்படிம்மா இருக்கு?"

பத்துக்குப் பத்து என்று அவள் அண்ணாந்து சொன்னாள். மூட்டு வலி, கீழே இறங்க முடியாது, இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்றார் அம்மா. ஆனால் காற்றில் படபடத்த திரைச்சீலை காரின் பளபளப்பான கதவில் அப்படியே தெரிந்தது. ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கொள்ள முடியுமா என்று அவள் கேட்டாள். அம்மா கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார். தாழ் விழுந்த சத்தம் கீழே வரை கேட்டது.

மகன் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். மூச்சை விடுங்கள், வண்டி எங்கும் ஓடிவிடாது என்று அவள் சொன்னதும் சிரித்தார். நல்ல சிரிப்பு. கண் மட்டும் அடிக்கடி அவள் தலைக்கு மேலே போனது.

"அம்மா கையாட்டுறாங்க மேடம்."

"அப்புறமா பாத்துக்கலாம் சார். இங்க பாருங்க. என்னை மட்டும் பாருங்க."

அவர் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் நண்பர்களிடம் காட்ட வண்டியை எடுத்தார். போகும்போது ஜன்னலைப் பார்த்து ஒரு ஹாரன் அடித்தார்.

படங்களைத் திருத்தும்போது காரின் கதவில் விழுந்த பிம்பங்களை அழிப்பது அவள் வழக்கம். மரம், கம்பம், எதிர்வீடு, எதுவானாலும் சரி. இந்தப் படங்களில் கதவின் நடுவே அந்த ஜன்னல் இருந்தது. பெரிதாக்கினாள். கண்ணாடியில் பதிந்த ஓர் உள்ளங்கை, அதன் பின்னால் திறந்த வாய். இன்னும் ஏதோ கேலி பேசுகிறார் என்று புன்னகைத்தபடியே அழித்தாள். அடுத்தடுத்த படங்களில் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இருந்தது. கடைசிப் படங்களில் ஜன்னல் காலி. வேலை மிச்சம் என்று தோன்றியது, அவ்வளவுதான். படங்களை அனுப்பிவிட்டு மூலப் படங்களை நீக்கிவிட்டாள்.

சில வாரம் கழித்து கார்க்காரர் அவள் ஸ்டுடியோவுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். படம் எடுத்த அன்றே அம்மா போய்விட்டார். மாரடைப்பு. சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது மாடியில் ஜன்னலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தாராம்.

"நின்னு பாத்து கால் வலிச்சிருக்கும், அப்படியே உக்காந்துட்டாங்க போல. அந்தச் சந்தோஷத்தோடயே போயிட்டாங்க மேடம். கார் கதவுல அவங்க தெரிஞ்சிருப்பாங்கல்ல? எனக்கு அது வேணும்."

போகிற போக்கில் தேய்த்து அழித்தவை எல்லாம் ஒன்று விடாமல் அவள் கண்முன் திரும்பி வந்தன. வெளிறிய உள்ளங்கை. கண்ணாடியில் நசுங்கிய விரல் நுனிகள். தாழ் திறக்கவில்லையா, திறக்கத் தெம்பில்லையா? சாத்தச் சொன்னது அவள். இங்கே பாருங்கள் என்றதும் அவள். அந்தக் கையை அத்தனை நெருக்கத்தில் பார்த்த ஒரே ஆளும் அவள்தான்.

அழித்துவிட்டேன், மூலப் படமும் இல்லை என்று மட்டும் சொன்னாள். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க பாத்தீங்கல்ல? கையாட்டிட்டுத்தானே இருந்தாங்க?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. சொல்லிவிட்டால் தன் நெஞ்சு கொஞ்சம் லேசாகும், மிச்சத்தை இவர் ஆயுசு முழுக்கச் சுமப்பார். சொல்லாமல் விடுவது கருணை என்று நினைத்தாள். பயம் என்று உள்ளே ஒன்று சொன்னது. இரண்டில் எது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"ஆமா சார்," என்றாள். "ஆட்டிட்டுத்தான் இருந்தாங்க."

அவர் பையிலிருந்து அம்மாவின் பழைய படம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அழிக்கத் தெரிந்தவருக்குத் திரும்ப வைக்கவும் தெரியும்தானே என்று கேட்டார். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கதவின் நடுவே ஜன்னலை மறுபடி உண்டாக்கினாள். முகத்தை வைத்தாள். கையை வைக்கும்போது மட்டும் மவுஸ் தன்னால் கீழே கீழே இறங்கியது.

"இன்னும் மேல மேடம்," என்றார் அவர். "நான் பாத்தேனே. நல்லா மேல இருந்துச்சு."

அவள் கையை மேலே ஏற்றினாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விரித்தாள், கண்ணாடியை விட்டு எடுத்த மாதிரி.