உள்ளறைப் பல்பு

கண்ணில் பட்ட சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டுத்தான் கலியாணசுந்தரம் மீட்டரின் முன் வந்து நின்றார். ஐப்பசி மழையில் பகலே இருண்டு கிடந்தது. கூடத்துப் பல்பு எரியவில்லை. அடுக்களைப் பல்பு எரியவில்லை. தறிக்குழிக்கு மேலே தொங்கிய பல்பும் எரியவில்லை. ஆயினும் கண்ணாடிக்குள் அந்தச் சிறு சக்கரம், அவசரமும் இல்லாமல் ஓய்வும் இல்லாமல், சுற்றிக்கொண்டே இருந்தது.

கணக்கெடுக்க வந்த மின்சார வாரியத்து ஆள் சிரித்தார். "எங்கியோ ஒண்ணு எரியுது பெரியவரே. பாத்து நிறுத்துங்க."

எங்கே எரிகிறது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜன்னலோரம் ராட்டையின் முன் அமர்ந்து பட்டுநூலைத் தார் என்னும் சிறு குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த மருமகள் ஏலவார்குழலி, கையை நிறுத்தாமல் தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டாள். எரிந்துகொண்டிருந்தது, செத்துப்போன அவள் கணவனுக்கான விளக்கு.

சென்ற மார்கழியில் மஞ்சள்காமாலை மூத்த மகன் தணிகாசலத்தைக் கொண்டுபோயிற்று. உள்ளறையில் அவன் தலை கிடந்த இடத்தில் கருமாதி முடியும்வரை எண்ணெய் விளக்கு எரியவேண்டும் என்பது வழக்கம். நடுவில் ஒருநாள் காற்றில் அது அணைந்துவிட்டது. தாய் காமாட்சியம்மாள் போட்ட அலறலில் தெருவே கூடியது. இருட்டைக் கண்டால் அவள் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளையாக வளர்ந்தவன் அவன். மறுநாளே அந்த உள்ளறையில் ஒரு பல்பு மாட்டச் சொன்னாள். காற்றுக்கு அஞ்சாத விளக்கு. கருமாதி முடிந்தது, பல்பு அணையவில்லை. வருடத் திதி வரையில் எரியட்டும் என்றாள். மகனைப் பறிகொடுத்தவளிடம் வழக்காட எவருக்கு மனம் வரும்?

தறியில் இப்போது அமர்பவன் இளையவன் வேணுகோபால். மின்கட்டணத்தைக் குறைப்பது எப்படி என்று நெசவாளர் சங்கக் கட்டடத்தில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு வந்து, வீட்டையே ஒரு கை பார்த்தான். பல்புகளில் படிந்த புகையையும் தூசியையும் துடைத்தான். ஆளில்லாத இடத்தில் விளக்கெதற்கு என்று ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிக்கொண்டு திரிந்தான். தறிக்கு மேலே ஓட்டைப் பிரித்து ஒரு கண்ணாடி ஓடு பதித்தான். வெயில் நாளில் பாவு நூலின்மேல் வெளிச்சம் பாலாய் இறங்கியது. கூடத்துப் பல்பைக் கழற்றிவிட்டு மிகச் சிறிய ஒன்றை மாட்டினான். சுவருக்கு வெள்ளையடித்தால் சின்ன பல்பே போதும் என்றும் அங்கே சொல்லியிருந்தார்கள். ஆனால் சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்புமுன் சுண்ணாம்பைத் தொடக்கூடாதே. அடுப்புப் புகையேறிய சுவர்கள் அப்படியே நின்று, இருந்த வெளிச்சத்தையும் விழுங்கின.

அறிவு சொன்னதில் பாதியை அந்த வீடு ஏற்றுக்கொண்டது. மீதியை வழக்கம் வாசலிலேயே மறித்துவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டவை ஒரு பெண்ணின் கண்கள்.

அடுத்த வீட்டுக் காந்தா மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேலி பேசுவாள். "என்னாடி குழலி, உங்க வூட்ல இருட்டுக்குக் கூட கரண்டு பில்லு வருதாமே?" குழலிக்கு அன்றைக்குக் கிடைக்கும் ஒரே சிரிப்பு அதுதான். அந்த ஜன்னல் வழியாகத்தான் பூக்காரியின் குரல் வரும். எதிர்க்கடை ரேடியோ வரும். பள்ளிப் பிள்ளைகளின் சண்டை வரும். கைம்பெண்ணுக்கு உலகம் விட்டுவைத்திருந்த அகலம் ஒரு ஜன்னலின் அகலம்.

மழை இரண்டு நாள் தொடர்ந்து பெய்தபோது அந்தத் தவறு நேர்ந்தது. கரும்பச்சையும் கருநீலமும் அந்தச் சின்ன பல்பின் கீழ் ஒரே கறுப்பாகத் தெரிந்தன. பச்சை நூல் சுற்றவேண்டிய தாரில் நீலத்தைச் சுற்றிவிட்டாள். தெரியாமல் வேணுகோபால் நெய்துவிட்டான். வெயில் வந்த அன்று, சேலையின் உடலில் குறுக்கே ஒரு நீலக் கோடு காயம்போல் கிடந்தது. கடைக்காரர் சேலையைத் திருப்பி அனுப்பினார்.

கலியாணசுந்தரம் கோபப்படவில்லை. இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் தார் சுற்றும் வேலையைக் காந்தாவுக்குக் கொடுத்துவிட்டு, குழலியைத் தென்னேரியில் அவள் அண்ணன் வீட்டில் விட்டுவிடுவதாக, மழை வருமா என்று பேசுகிறவரைப்போலச் சொன்னார். அண்ணன் வீட்டில் அவளுக்கு என்ன இடம் என்பது அவளுக்குத் தெரியும். இங்கே அவள் உண்ணும் சோற்றுக்கு அவள் கையே ஈடு. அங்கே அது பிச்சை.

அன்று மாலை, மாமியாரின் எதிரில் நின்று அவள் முதன்முறையாக ஒன்று கேட்டாள்.

"அத்த, உள்ள எரியற பல்ப ராட்டைக்கு மேல மாட்டினா எனக்குக் கண்ணு தெரியும்."

"அவன இருட்டுல தள்ளிட்டு நீ வெளிச்சத்துல உக்காரணுமாமா?"

"அவருக்கு நூலு சுத்தற வேல இல்ல அத்த. எனக்கு இருக்குது."

காமாட்சியம்மாள் திட்டவில்லை, அழுதாள். திட்டியிருந்தால் குழலி நின்று பேசியிருப்பாள்.

வேணுகோபால்தான் வழி கண்டுபிடித்தான். "எதுக்குமா சண்ட? பல்பு அங்கியே எரியட்டும். அண்ணி ராட்டைய எடுத்துக்கினு உள்ள போய் உக்காந்துக்கட்டும். கூடத்துப் பல்ப நிறுத்திடலாம். ஒரு பல்பு மிச்சம்."

காமாட்சியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யோசித்தாள். "அதுவும் சரிதான். அவனுக்கும் தொணையா இருக்கும்."

ராட்டை உள்ளறைக்குப் போயிற்று. மின்வெட்டு நேரத்தில் அங்கே ஏற்றும் அகல் காற்றில் ஆடக்கூடாது என்று கதவு சாத்தப்பட்டது. அறைக்கு ஜன்னல் இல்லை. அடுத்த கணக்கெடுப்பில் கட்டணம் இறங்கியது. வேணுகோபால் அதைச் சங்கத்தில் போய்ப் பெருமையாகச் சொன்னான். எளிய வழி என்று எல்லோரும் பாராட்டினார்கள். அந்த எளிமைக்குள் யாரை வைத்து மூடியிருக்கிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

மார்கழியில் வருடத் திதி வந்தது. சடங்குகள் முடிந்த மாலையில் குழலி கதவோரம் காத்திருந்தாள். பல்பு அணைந்தால் ராட்டை கூடத்துக்குத் திரும்பும், சுவர் வெளுக்கும், ஜன்னல் திறக்கும். காமாட்சியம்மாள் சுவிட்சில் கைவைத்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"எரியட்டும். இவதான் வேல செய்யறாளே."

அவள் கேட்டது வெளிச்சம். அதைக் கொடுத்தாகிவிட்டது. இனி எதைச் சொல்லி வெளியே வருவாள்?

போகிக்கு முன் வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். கூடம் வெளுத்தது, அடுக்களை வெளுத்தது, தறிவீடும் வெளுத்தது. உள்ளறைக் கதவைத் தள்ளிய ஆளைக் கலியாணசுந்தரம் தடுத்தார். "அங்க வேணாம்பா. பட்டுல சுண்ணாம்பு தெறிச்சிடும்."

கதவு மறுபடி சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டுப் பக்கமிருந்து காந்தா யாரையோ கேலி செய்யும் சத்தம் சுவர் வழியே மங்கலாகக் கேட்டது. யாரை என்று தெரியவில்லை. ஏலவார்குழலி எழுந்து, முந்தானை நுனியால் பல்பின் தூசியைத் துடைத்தாள். கறுத்த சுவர்களுக்கு நடுவே பச்சை பச்சையாகத் தெரிந்தது. நீலம் நீலமாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் ஒரு தாரைக்கூடத் தவறாகச் சுற்றவில்லை.