காய்க்காத ஆவாரை

ஒச்சப்பன், தோல் பதனிட ஆவாரம்பட்டை உரித்துத் தோல் மண்டிக்குப் போடும் கூலியாள். தாயில்பட்டிக்குக் கிழக்கே, வெடித்துச் சரிந்த பட்டாசு ஷெட்டின் மண்மேட்டில் நின்ற ஒற்றைச் செடியை மட்டும் அவன் தொடுவதில்லை. மகள் ராமுத்தாய் செத்த இடம் அது. வேலைக்குச் சேர்ந்த புதுசு என்பதால் கங்காணிக்கு அவள் பேர்கூடத் தெரியவில்லை. ‘புதுசா வந்த பிள்ளை’ என்றே போலீசிடம் சொன்னார்.

மார்கழியில் செடிகொடி சேகரிக்க வந்த கல்லூரி வாத்தியார் செல்லச்சாமி, அந்தச் செடி முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். ஒரு கொப்பை ஒடித்துத் தாள்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினார்.

“ஆவாரைச் சாதிதான். லத்தீன் பேர்ல காசியான்னு பெரிய குடும்பம். ஆனா ஆவாரைக்கு இலைக்காம்படியில காது மாதிரி ஒண்ணு இருக்கும். இதுல இல்ல. பூவும் வெளுத்திருக்கு.”

“அப்ப இது என்னதுய்யா?”

“முத்தின காயைப் பாக்காமச் சொல்ல முடியாது. புதுசா இருந்தா நாமதான் பேர் வைக்கணும். காசியான்னு முன்னால வரும், பின்னால நாம வைக்கிற பேரு.”

ஒச்சப்பன் கத்தியைக் கீழே வைத்தான். “பின்னால ஒரு பொம்பளப்பிள்ளை பேரு வரலாமாய்யா?”

“வரலாமே. தை கடைசியில வாரேன். செடியைப் பாத்துக்கோ.”

ஒச்சப்பன் வயசான பிறகு எழுத்துக் கற்றவன். வீட்டுக்கு நடக்கையில் ‘காசியா’வை எழுத்துக் கூட்டி, அதன் பின்னால் மகள் பேரை வைத்துப் பார்த்தான். வீட்டில் சொல்லவில்லை. அந்தப் பேரை எடுத்தால் பெண்டாட்டி இருளம்மாள் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் வேலை முடிந்து வந்தான். கூரை விளிம்பில் பொங்கல் காப்பு செருகியிருந்தது. வேப்பிலை, கண்ணுப்பிள்ளை, நடுவில் வெளிறின மஞ்சளில் ஆவாரம்பூ.

“அவ போனதுலயிருந்து காப்பே கட்டலையே” என்றாள் இருளம்மாள். “வழியெல்லாம் நீங்க உரிச்சு மொட்டையாக் கிடக்கு. அதான் அவ இருந்த அந்த மேட்டுக்குப் போனேன். கொப்பு ஒடிக்கத்தான் இழுத்தேன். செங்கப்பொடியில வேரு நிக்கல, அப்படியே கையோட வந்துருச்சு.”

அவன் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“சாப்பிடுறீகளா?”

“வையி.”

தை கடைசியில் வாத்தியார் வந்தார். ஒச்சப்பன் ஓடைக்கரையில் உரித்துக்கொண்டிருந்தான்.

“காய் இல்லைய்யா. செடி போயிருச்சு.”

“ஆடு கடிச்சிருச்சா?”

“ஆமா.”

வாத்தியார் உச்சுக்கொட்டினார். “அப்ப அந்தக் கொப்புத் தாள்ல காசியான்னு மட்டும் எழுதி வைக்க வேண்டியதுதான். பின்னால சும்மா கிடக்கட்டும். ஆமா, அன்னைக்கு யார் பேரைக் கேட்டே?”

“அது ஒண்ணுமில்லைய்யா.”

அடுத்த செடியை வளைத்துக் கத்தியை வைத்தான். பட்டை நன்றாகவே கழன்று வந்தது.