கற்சரிவில் ஒரு குழிவிரியன்

பூலி நகரத்தில், பல் செட் செய்யும் பட்டறை ஒன்றில் யூரூவுக்கு வேலை. டாக்டர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சுகளுக்குப் பொருத்தமாகப் பற்களை இழைத்துக் கொடுப்பாள். மேசை நிறைய வாய்கள், ஒன்றும் பேசாது. முதலாளி முன்னறையில் ரேடியோவோடு உட்கார்ந்திருப்பார். காலையில் "வந்துட்டேன்" என்று சொல்பவள், அடுத்து வாய் திறப்பது மாலையில் "கிளம்பறேன்" என்று சொல்லத்தான். அப்படிப் பல நாட்கள்.

விடுமுறை வந்தால் முதல் பஸ்ஸைப் பிடித்து ஹெஹுவான் மலைக்குப் போய்விடுவாள். கணவாய்க்குச் சற்று முன்பே இறங்கி, குட்டை மூங்கில் புதரை விலக்கிக்கொண்டு நடந்தால் ஒரு கற்சரிவு வரும். எப்போதோ மலை இடிந்து விழுந்து, பலகை பலகையாகக் கற்கள் குவிந்து கிடக்கும் இடம். காலை வெயில் அங்கேதான் முதலில் விழும். வெயில் பட்டதும் நீளவால் அரணைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து விலாவை விரித்துக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். அவை நன்றாகச் சூடேறிய பிறகு, மேலே இருக்கும் பெரிய கல்லின் இடுக்கிலிருந்து ஒரு குழிவிரியன் வரும். கல்லின் நிறமே அதற்கும். தெரியாமல் யாராவது வந்தால் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்து அலறுவார்கள். யூரூ அதற்கு 'மேல்வீட்டுக்காரி' என்று பெயர் வைத்திருந்தாள்.

தரையில் வயிறு பட, கேமராவை ஒரு துணிப்பொட்டலத்தின் மேல் வைத்துக்கொண்டு படுத்துக் கிடப்பாள். பாம்பைத் தொடமாட்டாள். அதன் முகத்தை மறைக்கும் புல்லைக்கூட விலக்கமாட்டாள். அதுவாகத் தலையைத் திருப்பினால் படம். இல்லையென்றால், ஆவியில் வெந்த ரொட்டியான மந்தோவையும் தேநீரில் வேகவைத்த முட்டையையும் தின்றுவிட்டு, நண்பகல் மூடுபனி ஏறும்போது இறங்கிவிடுவாள்.

அவளுடைய கணவன் யாவ்மிங் வீட்டை விட்டுப் போகும்போது சண்டை எதுவும் போடவில்லை. காலணியை மாட்டிக்கொண்டே, "ஒரு பாம்புக்காக எந்திரிக்கிற நேரத்துக்கு, எனக்காக நீ ஒரு நாளும் எந்திரிச்சதில்ல" என்றான். அவன் சொன்னது உண்மைதான்.

குவான்லின் என்பவனை அவள் சந்தித்தது அந்தச் சரிவில் அல்ல. ஜூலையில் ஒரு நாள், திரும்பி வரும் வழியில், பாதிமலையில் பஸ் மாறுவதற்காக நின்றுகொண்டிருந்தாள். சாலைக் கம்பத்தில் ஓர் ஓணான் மஞ்சள் கழுத்தை விரித்துத் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே, சாலையிலேயே முழங்காலிட்டு ஒரு தடித்த ஆள் படம் எடுத்துக்கொண்டிருந்தான். முட்டைக்கோஸ் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி வந்தது.

"பின்னால லாரி வருது!" என்று கத்தினாள்.

"அது நகரல. நான் எப்படி நகர்றது?" என்றான் அவன், திரும்பாமலே.

லாரிக்காரன் வண்டியை நிறுத்தி, அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். ஓணான் மட்டும் தண்டாலை விடவில்லை. யூரூ சிரித்துவிட்டாள். தன் சிரிப்புச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

அவன் தாய்ச்சுங் நகரத்தில் ஏசி மாட்டுகிறவன். "கோடையில ஊருக்கே குளிர் காட்டறேன், நான் மட்டும் வெயில்ல இந்த மாதிரி ஆளுங்களத் தேடி அலையறேன்" என்றான். அவளுடைய படங்களைக் கேமராவின் சின்னத் திரையிலேயே ஒன்றுவிடாமல் பார்த்தான். சும்மா தள்ளிக்கொண்டே போகவில்லை. ஒவ்வொன்றிலும் நின்றான். "இந்த அரணை தோல் உரிக்கப் போகுது, இல்ல? கண்ணோரம் வெளுத்திருக்கு" என்றான். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தான்.

"டீச்சர்னு கூப்பிடாதீங்க. நான் பல் செட் செய்யறவ."

"அப்ப இன்னும் மரியாதையாத்தான் கூப்பிடணும். நாளைக்கு என் வாயே உங்க கையிலதான்."

ஆகஸ்டில் அவனைக் கற்சரிவுக்கு அழைத்துப்போனாள். போவதற்கு முந்தைய வாரம் முழுக்க யோசித்தாள். இடத்தை யாருக்கும் சொல்வதில்லை என்பது இப்படிப் படம் எடுப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். பாம்பு பிடித்து விற்கிறவர்கள் ஒரு படத்தின் பின்னால் தெரியும் மலைமுகட்டை வைத்தே வந்துவிடுவார்கள். ஆனால் மந்தோவைப் பிட்டு ஒருவனிடம் நீட்டுவதும், "அதோ, வர்றா" என்று காதருகே சொல்வதும் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துவிட்டாள். நினைத்த பிறகு தனியாகப் போக மனம் வரவில்லை.

நன்றாகத்தான் இருந்தது. அவன் பருத்த உடம்பை மடக்கி அவளுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தான். கால் மரத்துப்போனால் முகத்தை மட்டும் கோணிக்கொள்வான், அசையமாட்டான். மேல்வீட்டுக்காரி வழக்கத்தைவிடத் தடித்திருந்தாள், பகல் முழுக்கக் கல்லை விட்டு நகரவில்லை.

"வயித்துல குட்டி இருக்கு. இந்த வகை முட்டை போடாது" என்றாள் யூரூ.

"பிறக்கும்போது நாம இங்க இருக்கணும், டீச்சர்" என்றான் அவன். 'நாம' என்ற சொல்லை அவள் பஸ்ஸில் ஊர்வரைக்கும் கொண்டுபோனாள்.

செப்டம்பரில் ஒரு காலை. வெயில் சுத்தமாக இருந்தது. பாம்பின் தலைமேல் ஒரு புல்நிழல் குறுக்கே விழுந்து, வெகுநேரமாக அப்படியே கிடந்தது. குவான்லின் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். யூரூவின் கேமராவில் பாட்டரி தீர்ந்துபோயிற்று. மூங்கில் ஓரம் வைத்திருந்த பையை எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது, பாம்பு தன் கல்லில் இல்லை.

நடுச்சரிவில், முழுவெயிலில், மேடை மாதிரி தட்டையான ஒரு கல்லின்மேல் அவனுடைய தொப்பி கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் மடக்கி நீட்டும் பாம்புக்கொக்கி. அது அவன் பையில் இருந்ததே அவளுக்குத் தெரியாது. தொப்பி போட்டு மூடினால் பாம்பு சுருண்டு அடங்கும், எடுத்த நொடியில் படம் பிடித்துவிடலாம் என்று பலர் செய்வதுண்டு. அவள் கேள்விப்பட்டிருக்கிறாள்.

"என்ன பண்றீங்க?"

"ஒரே நிமிஷம், டீச்சர். வெளிச்சத்தப் பாருங்களேன்!"

"அவ குட்டியோட இருக்கா."

"தெரியும். பஞ்சு மாதிரிதான் தூக்கினேன். ஒரு கீறல் இல்ல."

"திரும்ப விடுங்க."

அவன் தொப்பியை எடுத்தான். கேமரா படபடவென்று அடித்தது. சுருண்டிருந்த பாம்பு தலையை மட்டும் தூக்கி, வால்நுனி துடிக்க, அவர்கள் இருவரையும் பார்த்தது. பிறகு கட்டு அவிழ்ந்து, கல்லின் விளிம்பில் சரிந்து, கீழே இருந்த ஏதோ ஓர் இடுக்கில் இறங்கிப்போனது. மேல்வீட்டுக்காரியின் இடுக்கு மேலே இருந்தது. அங்கே அவள் திரும்பவில்லை.

"எங்க போயிடுவா, நாளைக்கே மேல வந்துடுவா" என்றான். யூரூ கேமராவைப் பைக்குள் வைத்தாள். அது அவனைச் சுட்டிருக்க வேண்டும். குரல் உயர்ந்தது.

"நீங்க வருஷக்கணக்கா புல்லு மறைச்ச படத்தையே எடுத்துக்கிட்டிருக்கீங்க. யார் பார்த்தாங்க அத? இப்படியே படுத்துக் கிடந்தீங்கன்னா கடைசிவரைக்கும் உங்க பக்கத்துல யாரும் இருக்கமாட்டாங்க."

சொன்ன உடனே அவன் முகம் மாறிவிட்டது. "அப்படிச் சொல்ல வரல" என்றான். அவள் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். காரில் இறக்கிவிடுகிறேன் என்று சாலைவரை பின்னாலேயே வந்தான். அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். அவன் கொஞ்ச நேரம் வண்டியில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

அந்த வாரமே அவன் இணையத்தில் போட்ட படத்தை ஊர் உலகமெல்லாம் பாராட்டியது. யூரூ பட்டறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், போனில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் குழி, ஒவ்வொரு செதிலின் விளிம்பு, எல்லாம் தெரிந்தது. அவள் ஆயுள் முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் அப்படி ஒரு படம் கிடைக்காது. பயத்தில் இறுகிய உடம்பு அது என்பது பார்க்கிற யாருக்கும் தெரியாது. எந்த இடம் என்று நூறு பேர் கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் எழுதியிருந்தான்: "சொல்ல மாட்டேன்." அந்த ரகசியத்தை அவன் காப்பாற்றியதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. முழுதாக வெறுக்க விடவில்லை.

'மன்னிச்சிடுங்க' என்று பலமுறை செய்தி அனுப்பினான். அவள் எழுதுவாள், அழிப்பாள். கடைசியில், "படம் நல்லா இருக்கு. இனிமே அங்க வராதீங்க" என்று மட்டும் அனுப்பினாள். 'சரி, டீச்சர்' என்று வந்தது. அதன்பிறகு எதுவும் வரவில்லை.

மேல்கல் காலியாகவே இருந்தது. விடுமுறைதோறும் போய்ப் படுத்தாள். அரணைகள் வந்தன, ஒன்று அவள் முழங்கைமேலேயே ஏறி வெயில் காய்ந்தது. பாம்பு வரவில்லை. இடம் மாறியிருக்கலாம். குட்டி போடும் நேரத்தில் புது இடுக்கில் எலியோ கீரியோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் நினைத்தாள். சரிவில் இடுக்குகளுக்குக் குறைவில்லை. கல்லைப் புரட்டித் தேடவும் அவளால் முடியாது.

அக்டோபரில் குளிர் இறங்கிவிட்டது. இன்னும் ஓரிரு வாரத்தில் எல்லாம் உள்ளே போய்விடும். அன்று வெயில் பலவீனமாக வந்தது. சரிவின் அடியில், அவள் இதுவரை திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு மூலையில், கல்லோரம் ஏதோ கயிற்றுத்துண்டு மாதிரி கிடந்தது. கயிறு நாக்கை நீட்டியது.

மூச்சை அடக்கிக்கொண்டு படுத்தாள். பிறந்து சில நாள்தான் இருக்கும். தலை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தது. எந்தத் தாயின் குட்டி என்று சொல்ல வழியில்லை. தாய் எங்கும் தெரியவில்லை. குட்டிக்கு முன்னால் காய்ந்த புல் இரண்டு நின்றன. அதற்குள்ளாகவே படம் எடுத்தாள். வெயில் போனதும் குட்டி கல்லுக்குள் நழுவிவிட்டது.

"பொறந்தாச்சு" என்று சத்தமாகச் சொன்னாள். சரிவு முழுக்க அவள் குரல் மட்டும் ஓடி நின்றது. போனை எடுத்தாள். யாருக்கு அனுப்புவது? ஒரே ஒருவனுக்குத்தான் இது என்னவென்று புரியும். அவன் பெயரைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

சாலைக்கு ஏறியபோது மூடுபனி கால்வரை வந்திருந்தது. மஞ்சள் மழைச்சட்டை போட்ட இளம் ஜோடி ஒன்று சைக்கிள்களைத் தடுப்புச்சுவரில் சாய்த்துவிட்டு நின்றது.

"அக்கா, பெரிய கேமரா வெச்சிருக்கீங்க, நல்லா எடுப்பீங்க. எங்களை ஒண்ணு எடுங்களேன்" என்று அந்தப் பெண் தன் போனை நீட்டினாள்.

எடுத்துக் கொடுத்தாள். "நீங்க என்ன எடுத்தீங்கக்கா, பறவையா?"

"பாம்புக்குட்டி. இப்பத்தான் பொறந்தது."

"ஐயய்யோ!" பெண் துள்ளி, கூட வந்தவன் பின்னால் ஒளிந்தாள். "இங்கயா? ரோட்டுக்கு வருமா?"

"வராது."

"உங்களுக்குப் பயமா இல்லயா?" என்றான் அவன்.

யூரூ கேமராவைத் திருப்பித் திரையைக் காட்டினாள். இருவரும் எட்ட நின்றே குனிந்து பார்த்தார்கள். "எங்க இருக்கு? புல்லுதான் தெரியுது" என்றாள் பெண். யூரூ விரல் வைத்துக் காட்டுவதற்குள், "மழை வந்துடும், வா" என்று அவன் சைக்கிளை எடுத்தான். இருவரும் நன்றி சொல்லிவிட்டுச் சிரித்துப் பேசியபடி இறக்கத்தில் போனார்கள்.

யூரூ திரையை அணைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பஸ் வர இன்னும் நேரமிருந்தது.