எல்லையில் மாற வேண்டிய வண்டி

"பஸ்லயே வந்துடறேன்டா" என்றுதான் அக்கா சொன்னாள். ஐனார்ஸ் கேட்கவில்லை.

"தம்பி கார்டா இருக்கிற ரயில விட்டுட்டுப் பஸ்ல குலுங்கிக்கிட்டு வருவியா? எல்லை ஸ்டேஷன் வால்காவுல இறங்கி எதிர் பிளாட்பாரத்துக்கு வா, போதும். இப்பல்லாம் ரெண்டு நாட்டு வண்டிக்கும் இணைப்பு இருக்குக்கா."

அக்கா ஸ்கைத்ரிதே எஸ்தோனியாவில் வாழ்க்கைப்பட்டவள். அம்மா எல்லைக்கு இப்பால், லாட்வியாவில், சேசிஸ் மருத்துவமனையில் கிடந்தாள். இன்றைய பொழுதைத் தாண்டுவது கடினம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மா கேட்டது இரண்டுதான். மகள், மகள் வீட்டு பிர்ச் மரத்தில் வடித்துக் குடிக்கிற சாறு.

காற்றில் பாதையில் மரம் விழுந்து, அக்கா வரும் எஸ்தோனிய வண்டி தாமதம். வால்காவில் ஐனார்ஸின் வண்டிக்கு எதிர் பிளாட்பாரம் காலியாகக் கிடந்தது. ஓட்டுநர் கிர்ட்ஸ் தலையை நீட்டினார்.

"என்னப்பா, அவங்க வண்டியத் தள்ளிக்கிட்டா வர்றாங்க?"

"கிட்ட வந்துடுச்சாம்ண்ணே. கொஞ்சம் நிப்போம்."

"எனக்கென்ன, பொங்கித் தின்னுக்கிட்டு இங்கயே கிடப்பேன். மேல கேளு."

ஐனார்ஸ் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, நிற்க அனுமதி கேட்டான். அதிகாரி திருப்பிக் கேட்டார்:

"நம்ம வண்டிக்கு மாற எத்தனை பேர் வர்றாங்க?"

"தெரியல சார். அவங்க டிக்கெட் எஸ்தோனியக் கம்பெனியோடது."

"அப்ப நம்ம பயணி இல்ல. ரீகாவுல விமானம் பிடிக்கிறவங்க உன் வண்டில இருக்காங்க. கிளப்பு."

"எங்க அக்கா வர்றாங்க சார்."

எதிர்முனையில் குரல் தணிந்தது.

"இதெல்லாம் பதிவாகுது ஐனார்ஸ். நான் காதுல வாங்கல. கிளப்பு."

அவன் விசில் ஊதினான். கதவுகள் மூடிக்கொண்டன.

வளைவு வருவதற்குள், பின் ஜன்னலில், நிலையத்துக்குள் நுழையும் விளக்கைப் பார்த்தான். கைபேசி அடித்தது.

"டேய், உன் வண்டியோட முதுகு தெரியுதுடா."

"அக்கா, அடுத்த வண்டி சாயங்காலம்தான். பஸ்..."

"நான் வரேன்னு சொன்ன பஸ்ஸா? அது போயிடுச்சு."

சேசிஸில் வண்டியை அடுத்த கார்டிடம் ஒப்படைத்துவிட்டு, சீருடையோடு மருத்துவமனைக்கு ஓடினான். அம்மா கண் திறந்தாள். அவனுக்குப் பின்னால், கதவைப் பார்த்தாள்.

"அவ எங்க?"

"வண்டி தாமதம்மா."

"நீ வந்துட்டியே."

அவன் தொப்பியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

ஸ்கைத்ரிதே வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. கோட்டுக்குள்ளிருந்து சாறு பாட்டிலை எடுத்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அக்கா..."

"ஒண்ணும் சொல்லாதடா. நீ என்ன பண்ணுவ?"

அவள் காலிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவள் சொன்னாள்:

"தப்பா எடுத்துக்காத தம்பி. அடக்கம் முடிஞ்சதும் நான் பஸ்லயே போயிடறேன்."