மடைக்கு அடியில்

சந்தைக்குப் போய் வந்த ஜாய்ஸ் காய்கறிப் பையை இறக்கி வைக்கும்போதுதான் கூடத்து நாற்காலி காலியாகக் கிடப்பதைக் கண்டாள். குளியலறையில் ஆள் இல்லை. மொட்டை மாடியிலும் இல்லை. வாசலில் கணவர் சாம்சனின் செருப்பைக் காணோம்.

இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் கேட்டைத் தாண்டியதில்லை. நடந்தால்தான் நல்லது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும், நடுரோட்டில் விழுந்துவிட்டால் என்ற பயம் அவரை விடவில்லை. இடது கை எந்நேரமும் நெஞ்சின்மேலேயே இருக்கும்.

போன் போட்டாள். சுவிட்ச் ஆப்.

அப்போதுதான் நேற்றைய பேச்சு ஞாபகம் வந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள், இரண்டு பேர் போனிலும் ஜியோகேச்சிங் என்ற ஆப்பைப் போட வைத்திருந்தாள். உலகம் முழுக்க யார் யாரோ சின்னச் சின்ன டப்பாக்களை ஒளித்து வைத்திருக்கிறார்களாம். போன் வழி காட்டும். தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பேரை எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். சங்கரன்கோவில் பக்கம் ஒரே ஒரு பச்சைப் புள்ளிதான் தெரிந்தது, ஊர் எல்லையில், குளத்துக்கரைமேல். “சின்னப் பிள்ளைய வெளாட்டு” என்று சாம்சன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

ஜாய்ஸ் அந்தப் புள்ளியைத் தொட்டாள். திரையில் இன்னும் எத்தனை மீட்டர் என்ற எண்ணோடு ஓர் அம்பு வந்தது. நின்றால் கிறுகிறுவென்று சுற்றியது. நடந்தால்தான் திசை சொன்னது. அதனால் நடந்தாள். விசைத்தறிச் சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டும்வரை அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மீட்டர் குறையக் குறைய நடையை எட்டிப் போட்டாள்.

கரைமேல் ஒருவரும் இல்லை. மடைப்பக்கம் ஒரு ஜோடி செருப்பு மட்டும் கிடந்தது. இந்தப் பக்கம் குளம் நிறையத் தண்ணீர். ‘ஏங்க’ என்று கூப்பிட்டாள்.

“யாரு, ஜாய்ஸா? பைய வா. பாசி வழுக்குது.”

சத்தம் மறுபக்கத்திலிருந்து வந்தது. மடைக்குக் கீழே, வாய்க்கால் படியில், வேட்டியை மடித்துக் கட்டி முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார் சாம்சன். இரண்டு கையும் இரும்புச் சட்டத்துக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தன.

“போன் என்னாச்சு?”

“சார்ஜ் போயிட்டு.”

“ஒரு வார்த்த சொல்லிட்டு வரப்படாதா? பாதி உசுரு போயிட்டு எனக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “சொன்னா நீயும் கூட வருவ. ஒத்தைல நடந்து பாக்கணும்னு இருந்துச்சு.”

அவளுக்குத் திட்டவும் வந்தது, அழவும் வந்தது. இரண்டும் கலந்து ஒரு சிரிப்பாக வெளியே வந்தபோது, “சிக்கிட்டு!” என்றார் அவர். காந்தம் ஒட்டிய, விரல் நீள டப்பா. உள்ளே சுருட்டிய தாளில் நாலைந்து பேர்கள். எழுதப் பேனா இல்லை. இருவரிடமும் இல்லை.

கரையில் மொபெட் ஒன்று நின்றது. “என்னக்கா தேடுதீய?” என்றார் சட்டைப் பையில் பேனா செருகிய ஒருவர்.

வெளியாளுக்குக் காட்டிக்கொள்ளக்கூடாது என்று மகள் சொல்லியிருந்தாள். “கம்மல் விழுந்துட்டு” என்றாள் ஜாய்ஸ்.

அந்த மனிதர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து புல்லுக்குள் தேட ஆரம்பித்தார். முள்ளை ஒதுக்கி, கல்லைப் புரட்டி, மெய்யாகவே தேடினார். “தங்கமாக்கா?”

சாம்சனால் தாங்க முடியவில்லை. டப்பாவைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வந்தவர் தாளை வாங்கி ஒவ்வொரு பேராக வாசித்தார். “இத்தன நாளா இந்த வழியாத்தான போறேன்!” என்றார். பேனாவைக் கொடுத்தவர், அவர்கள் எழுதி முடித்ததும், “நானும் ஒரு பேரு போட்டுக்கிடலாமா?” என்று கேட்டார். சங்கரசுப்பு என்று எழுதி மையை ஊதிக் காயவைத்தார்.

ஜாய்ஸ் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். டப்பாவை எடுத்துக்கொண்டு சாம்சன் திரும்பவும் படியிறங்கினார். அவரைப் பிடித்துக்கொள்ள அவள் எழவில்லை. வாய்க்காலில் நின்ற கொக்கு ஒன்று அவரைப் பார்த்து இரண்டடி நகர்ந்தது; பறக்கவில்லை.